மூலையில் மட்டும் பூச்சு போட்டால் விடாதீர்கள்: சுவர் சுவராக வீடு கட்டுபவர்களுக்கு

பணம் சேரச் சேர ஒவ்வொரு சுவராக எழுப்பிச் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் முழு வீட்டுக்கும் ஒரே தடவையில் முடிந்துவிட்டன. அதில் குறை இல்லை. நான் ஏமாந்தது, முதல் சுவரும் இரண்டாவது சுவரும் சேரும் மூலையில்.

சுவரைப் பாதியில் நிறுத்தினால், பிறகு வேறு சுவர் வந்து சேரப்போகும் முனையைச் செங்குத்தாக முடிக்கக் கூடாது. படிக்கட்டு மாதிரி வரிசைக்கு வரிசை குறைத்து இறக்கி விடுவதுதான் நல்லது. அதற்கு இடம் இல்லையென்றால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கல் நீட்டிக்கொண்டிருக்கும்படி பல் விடவேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் கல் உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளும். முதல் சுவரை மேஸ்திரி நேராகவே முடித்திருந்தார். கேட்டேன். "அடுத்த சுவர் வர்றப்போ வெட்டிப் பல் எடுத்துக்கலாம் சார்" என்றார். அந்த வேலைக்குத் தனிக் கூலியும் பேசி வாங்கிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாவது சுவர் தொடங்கியது. இடையில் இரண்டு நாள் நான் போக முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மற்ற இடமெல்லாம் வெறும் செங்கல்லாக நிற்க, அந்த மூலைக்கு மட்டும் உள்ளேயும் வெளியேயும் பூச்சு. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கட்டும் என்று பூசியதாகச் சொன்னார். அக்கறையாக வேலை செய்கிறாரே என்று நம்பி மீதிக் கூலியையும் கொடுத்துவிட்டேன்.

சில வாரங்களில் மூலையில் ஒரு கோடு விழுந்தது. தூக்குக்குண்டு பிடித்து வரைந்ததுபோல் கீழிருந்து லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் விட்டம்) மட்டம் வரை நேர்க்கோடு. "பூச்சு வெடிப்புதான், பட்டி பார்த்தா போயிடும்" என்றார். பூச்சு காய்ந்து சுருங்கும்போது வரும் வெடிப்பு பெரும்பாலும் மெல்லிய வலைபோல் அங்குமிங்கும் ஓடும். இது அப்படி இல்லை. தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடை அந்தக் கோட்டில் செருகினார். 9 அங்குலச் சுவரில் அது எங்கும் முட்டாமல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பூச்சைக் கொத்திப் பார்த்தோம். ஒரு கல்கூடப் பழைய சுவருக்குள் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன, அவ்வளவுதான். பழைய சுவர் காய்ந்து சுருங்கி அமர்ந்தாயிற்று. புதியது இனிமேல்தான் அமரும். பூட்டு இல்லாவிட்டால் பிரியத்தானே செய்யும்! நிலம் அதிர்ந்தால் முதலில் வாய் பிளப்பதும் இப்படிப்பட்ட மூலைதான்.

மேஸ்திரி கலவையிலும் கை வைத்திருந்தார். ஆணியால் கீறினால் மணலாகக் கொட்டியது. 1:6 என்று பேசியிருந்தோம், அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். பிறகு சித்தாள் ஒருவர் சொன்னார்: காலையில் மொத்தமாகக் கலந்து வைத்துவிட்டு, இறுகிப்போனதை மதியத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றி இளக்கிக் கட்டினார்களாம். தண்ணீர் சேர்த்த சிமெண்ட் சில மணி நேரத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும். அதை மறுபடி இளக்கினால் பிடிப்பு எங்கிருந்து வரும்?

மேஸ்திரி முதலில் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, "சுவர் நிக்குதுல்ல சார்" என்றார்.

புதிய சுவரை மூலையிலிருந்து படிப்படியாகப் பிரித்தோம். வேறு கொத்தனார் பழைய சுவரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பள்ளம் வெட்டி, தூசியைத் தட்டி, நனைத்து, கல்லைச் செருகிக் கலவையை இடைவெளியில்லாமல் குத்தி அடைத்தார். ஒவ்வொரு வரிசையையும் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். ஏழு நாள் நானே தண்ணீர் விட்டேன். நீங்களும் பல் பூட்டும் நாளில் மட்டுமாவது லீவு போட்டு நில்லுங்கள். உள்ளே போன கல்லைக் கண்ணால் பார்க்கும்வரை அந்த மூலையில் பூச்சு வேண்டாம், கூலியில் ஒரு பங்கையும் கையில் வைத்திருங்கள்.

இப்போது மூலையின் இருபக்கமும் சேர்த்து ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டியிருக்கிறேன். சுவர் துளி விலகினாலும் அது உடைந்துவிடும். தினமும் போய்ப் பார்க்கிறேன். இதுவரை உடையவில்லை.