பழைய சிட்டி வீடெக்: கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்ப்பதா, வேறு மாட்டுவதா?

2000 வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 வீடெக்கை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள் ராமநாதபுரம் பக்கம் ஒரு சிலர் இருக்கிறோம். 106 குதிரைசக்தி, எடை குறைந்த வண்டி. எண்ணெய் சரியாக மாற்றினால் இன்ஜின் இன்றைக்கும் கெட்டிதான். முதலில் தளர்வது கியர்பாக்ஸ். என் வண்டியில் இரண்டாவது, மூன்றாவது கியர் கரகரக்கத் தொடங்கியதும் மூன்று வழிகள் இருந்தன. அதே கியர்பாக்ஸைப் பிரித்துப் புது சிங்க்ரோ ரிங்கும் (கியர் விழும்போது சுற்று வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை வளையம்) பேரிங்கும் போடலாம். காயலான் கடையில் இன்னொன்று வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் செலவோடு செலவாக, வண்டி சட்டென்று எடுக்கக் குட்டை கியர் விகிதம், எல்எஸ்டி (இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலில், ஒன்று வழுக்கினாலும் மற்றதைக் கைவிடாத வகை) என்று மேலே போகலாம். நான் முதல் வழியில் போனவன். அதனால் பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

காயலான் கடை கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அதற்கும் உங்கள் கியர்பாக்ஸின் வயசுதான். புதுப்பேட்டையில் வாங்கினால் அதுவும் உப்புக்காற்று பட்ட சரக்குதான், சென்னை என்ன மலைநாடா? வாங்குவதென்றால் இன்புட் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள், சுற்றிக் காது கொடுங்கள், மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். பித்தளைத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

மேலே போவது என்றதும் எல்லோரும் சொல்வது ஹோண்டாவின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் இன்டெக்ரா டைப்-ஆரின் கியர்பாக்ஸ். எல்எஸ்டி உள்ளேயே வரும், 1998 மாடலில் ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸின் கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.785. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது பி வரிசை இன்ஜினுக்கானது. நம் சிட்டி டி வரிசை. இரண்டின் போல்ட் அமைப்பும் ஒன்றல்ல. அதை மாட்ட வேண்டுமென்றால் இன்ஜினையும் மாற்ற வேண்டும், இன்ஜின் எண் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது, அப்புறம் ஆர்டிஓ அலுவலகப் படியேற வேண்டும். டி வரிசையிலேயே குட்டை ஃபைனல் டிரைவ் தேடுவதும், குவைஃப் போன்ற கம்பெனி எல்எஸ்டியைத் தன் கியர்பாக்ஸுக்குள் வைப்பதும்தான் நடக்கிற காரியம்.

நடக்கும், சரி. ஆனால் எங்கே ஓட்டப் போகிறோம்? ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை சாலை நீளமாக, தட்டையாகக் கிடக்கிறது. தொண்டிப் பக்கமும் சாயல்குடிப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலை அப்படியேதான். ஃபைனல் டிரைவ் 4.25 இருந்த இடத்தில் 4.785 வைத்தால், 3000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறக்குறைய 3380 சுற்ற வேண்டும். மலைப்பாதையில் அது வரம். உச்சிப்புளி வெயிலில் ஐந்தாவது கியரில் போகும்போது காதுக்குத் தொல்லை, பெட்ரோலுக்கும் தண்டம். எல்எஸ்டிக்கு மட்டும் ஒரு சலுகை தரலாம். தனுஷ்கோடி சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் ஓரத்தில் ஒரு சக்கரம் வழுக்கினால் உதவும். ஆனால் குவைஃப் மாதிரி ஹெலிகல் வகை (சாய்ந்த பல்சக்கரங்களால் வேலை செய்வது), ஒரு சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லாமல் போனால் சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரியே கைவிட்டுவிடும்.

என் முடிவைத் தீர்த்தது இதெல்லாம் இல்லை, உப்பு. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் கடைசி வரை துருவோடு மல்லுக்கட்டியது. அதே காற்றில்தான் நம் வண்டியும் நிற்கிறது. கியர்பாக்ஸ் ஹவுசிங் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து, போல்ட் பிடித்துக்கொள்ளும். அடுத்து ஆக்சில் நுழையும் இடத்து ஆயில் சீல். ஆக்சில் தண்டில் துரு ஏறினால் சீலின் உதட்டை அறுத்துவிடும், ஆயில் சொட்டத் தொடங்கும். கியர் ராடு புஷ் இறுகும். ஸ்பீடோ சென்சார் கனெக்டரில் பச்சை பூக்கும்.

இது எந்த கியர்பாக்ஸுக்கும் வருவதுதானே என்று கேட்கலாம். வரும். ஆனால் வேறு மாடல் கியர்பாக்ஸ் மாட்டும்போது மவுன்டுக்கு ஒரு பிராக்கெட், லிங்கேஜுக்கு ஒரு துண்டு, சில நேரம் ஆக்சிலுக்கும் ஒரு மாற்று என்று லேத்தில் சில பாகங்கள் செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலும் பூச்சில்லாத சாதா இரும்பு, பெயிண்ட் ஒரு கோட். இங்கே முதலில் சாகிறது அதுதான். செத்தால் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க அதற்குப் பார்ட் நம்பர் கிடையாது, செய்தவரையே தேடிப் போக வேண்டும். சொந்த கியர்பாக்ஸில் எது போனாலும் மதுரைக்கு ஒரு போன் போட்டால் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

பிரிக்கும் முன் ஒரு சோதனை. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது ஊளைச் சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போய்விட்டது. பழைய ஹோண்டாக்களில் இது அடிக்கடி வரும். பிரித்ததும் பேரிங், சீல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு, இரண்டு முறை கொடுக்க வேண்டாம். பேரிங்கின் வளையத்திலேயே எண் இருக்கும், பேரிங் கடையில் காட்டலாம். சிங்க்ரோ ரிங்தான் காத்திருக்க வைக்கும். மூடும்போது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவு பார்க்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஆயில், ஹோண்டாவின் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலான எம்டிஎஃப். ஜிஎல்-5 கியர் ஆயிலின் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது. ஹவுசிங் போல்ட்டுகள் பிடித்துக்கொள்ளாமலிருக்க ஆன்டி-சீஸ் பசை, ஆக்சில் தண்டில் கிரீஸ் பூச்சு, பாம்பன் பக்கம் போய்வந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் ஒரு கழுவு.

எல்எஸ்டி வைத்த சிட்டியை நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கொஞ்ச தூரம் ஓட்டியதோடு சரி. வளைவில் இழுத்துப் போகும் விதம் உண்மையிலேயே வேறு. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர் என்றால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படிப்பட்டவரும் எல்எஸ்டியைத் தன் கியர்பாக்ஸுக்குள்ளேயே வைப்பது நல்லது. விற்கும்போது அதைக் கழற்றித் தனியாக விற்கலாம், பழைய டிஃபரன்ஷியலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.