மரம் அறுக்க ஆள் கூப்பிடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

கிரேன், லாரி, சங்கிலி ரம்பம், கிளைகளைத் தூளாக்கும் இயந்திரம் என்று படை பரிவாரத்தோடு வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள் அல்ல. என் வீட்டு மரத்தை அறுக்க வந்த குழுவிடம் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை. போட்டாலும் பயனில்லை, இந்த ரகத்தினர் வேறு பெயரில் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள்.

வீட்டின் பின்புறம் இரண்டு பெரிய மரங்கள். ஒன்றின் தூரில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. சுத்தியலால் தட்டினால் உள்ளே கூடு விழுந்த ஓசை. அதை எடுத்தே ஆக வேண்டும். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே நின்றதால் அப்படியே சாய்க்க இடமில்லை. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். பேசியதும் அப்படித்தான். கட்டைகளை அகற்றி, அடிக்கட்டையை மண்ணுக்குக் கீழே வரை அரைத்து, இடத்தைச் சுத்தமாக ஒப்படைப்பதாகச் சொல்லி, இயந்திர வாடகைக்கென்று பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். காப்பீடு இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு தாளை நீட்டினார்கள். அது லாரிக்கான வாகனக் காப்பீடு. வேலையின்போது அடுத்தவர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வந்தவர்களில் தலைக்கவசம் அணிந்திருந்தவர் ஒரே ஒருவர். அவரும் கிரேன் ஓட்டுநர். கூண்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். ரம்பம் பிடித்தவர் செருப்பும் சாதாரணக் கால்சட்டையுமாக நின்றார். இந்த வேலைக்கென்று தனிக் கால்சட்டை உண்டு. அதற்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் இழைகள் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சிக்கி ரம்பத்தை நிறுத்திவிடும். தன் காலைப் பற்றியே கவலைப்படாதவர் என் மதிலைப் பற்றியா கவலைப்படப்போகிறார்?

கிரேனின் ஊன்றுகாலைக் கழிவுநீர்த் தொட்டியின் ஓரத்தில் இறக்கினார்கள். அடியில் அகலமான பலகையோ தகடோ வைத்தால்தான் பாரம் பரவும். வெறும் மண்ணில் ஊன்றினால் கால் அமிழும். தொட்டி இருக்கிறது என்று சொன்னேன். “இதைவிட மோசமான இடத்திலெல்லாம் நிறுத்தியிருக்கிறோம் சார்” என்றார் குழுத்தலைவர். முதல் கட்டை அந்தரத்தில் ஏறியபோதே தொட்டி மூடி குறுக்காக விரிசல் விட்டது. உடனே கிரேனை வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கயிற்றிலேயே இறக்கிவிடலாம் என்றார்கள்.

60 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறத்தாழ 800 கிலோ எடை இருக்கும். அது சற்று தூரம் விழுந்து கயிற்றில் சட்டென்று நின்றால், கயிறும் அதைத் தாங்கும் மரமும் எடையைப் போலப் பல மடங்கு இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மேலே கப்பியும், தூரில் கயிற்றைச் சுற்றி மெல்ல விடுவதற்கு இரும்பு உருளையும் பொருத்துகிறார்கள். இங்கே கயிற்றின் மறுமுனையை ஒரு பையன் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான். நான் கத்திய பிறகுதான் அவிழ்த்தான். அதற்குப் பிறகு கட்டை கட்டையாகக் கீழே தள்ளினார்கள். தரைக் கற்கள் வரிசையாக உடைந்தன.

கடைசியில் நின்ற அடிமரத்தைத் திறந்த பக்கமாகச் சாய்ப்பதாகச் சொன்னார்கள். விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து சற்று உயரத்தில் அறுத்து, நடுவே விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விடுவதுதான் முறை. அறுக்காமல் விட்ட அந்தப் பகுதி கீலாக மடங்கி மரத்தை வழிநடத்தும். முறையாக அறுத்த அடிக்கட்டையில் கிழிந்த நார்கள் சீப்புப் பல் போல ஒரே வரிசையில் துருத்திக்கொண்டிருக்கும். என் வீட்டு அடிக்கட்டையில் கையை வைத்துத் தடவினால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வழவழப்பு. முழுக்க அறுத்துத் தள்ளிவிட்டார்கள். கீல் இல்லாத மரம் திருகிக்கொண்டு மதில்மேல் விழுந்தது.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாதது இரண்டாவது மரம். நோய் நொடி இல்லாத மரம். மதிலைப் பற்றி நான் வாசலில் வாதாடிக்கொண்டிருந்தபோது, காலில் இரும்பு முள் கட்டிய ஒருவர் அதில் ஏறித் தடித்த கிளைகளையெல்லாம் மொட்டையடித்துவிட்டார். “தலையைக் கழித்துவிட்டோம் சார், இதற்குக் காசு வேண்டாம்” என்று உபகாரம் செய்தவர் போலப் பேசினார்கள். உயிருள்ள மரத்தைக் கழிக்க முள் கட்டி ஏறவே கூடாது. ஒவ்வொரு மிதியும் பட்டைக்குள் ஓட்டை போடுகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ மரங்களை ரம்பத்தால் பிளந்து ஆராய்ந்து, மரத்தின் காயம் நம் தோல் போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று 1970களிலேயே விளக்கிவிட்டார். கிளை பிறக்கும் இடத்தில் உள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல் அதன் வெளியே அறுத்தால் மரம் எளிதில் அடைத்துக்கொள்ளும். கிளையை நடுவில் வெட்டி மொட்டையடித்தால் அழுகல் இறங்க வழி திறந்துவிடுகிறது. வெட்டு வாயில் கறுப்பு வண்ணம் வேறு பூசிவிட்டுப் போனார்கள். அது அழுகலைத் தடுப்பதில்லை.

எதற்காக இந்தத் தர்மம் என்பது லாரி ஏற்றும்போது விளங்கியது. நல்ல மரத்தின் வைரம் பாய்ந்த கிளைகள் நீள நீளமாக முதலில் ஏறின. இற்றுப்போன மரத்தின் கட்டைகள் முற்றத்திலேயே கிடந்தன. “அகற்றுவதற்குத் தனிக் கட்டணம்.” அரைக்கும் இயந்திரம் பழுது, நாளை வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை.

பிறகு வேறொருவரை வரவழைத்தேன். வந்தவுடன் ரம்பத்தைத் தொடாமல், குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன, தொட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டு தரையைச் சுற்றி வந்தார். கட்டைகளை யார் எடுப்பது, அடிக்கட்டையை எவ்வளவு ஆழத்துக்கு அரைப்பது, எந்த மரத்தைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் அவரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். உங்களிடம் வருகிறவர் இதை எழுதித் தரத் தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் கட்டை விழுமுன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். லாரி கிளம்பும்போதும் எடுங்கள். மொட்டை மரத்தைப் பார்த்துவிட்டு, நான் வரவழைத்தவர் பிடிகொடுக்காமல்தான் பேசினார். வெட்டு வாயில் கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருக்கும், தடித்தால் காற்றில் பிய்த்துக்கொண்டு வரும், ஆண்டுதோறும் சிலவற்றை மட்டும் விட்டுக் கழித்து வர வேண்டுமாம்.

முதல் குழு தந்த ரசீதில் ‘மர வேலை’ என்ற இரண்டே சொற்கள். தொலைபேசியை எடுக்கவே இல்லை. நல்ல கட்டைகளோடு லாரி நிற்கும் படத்தை அனுப்பி, இது திருட்டுப் புகாராகும் என்று எழுதிய பிறகுதான் பதில் வந்தது. தொட்டி மூடிக்கு மட்டும் பணம் தருகிறார்களாம். மதிலைப் பற்றிக் கேட்டால், அது ஏற்கெனவே சாய்ந்திருந்தது என்கிறார்கள். நேராக நின்ற மதிலின் படமும் என்னிடம் இருக்கிறது. புகாரோடு அதையும் இணைத்திருக்கிறேன்.