பல்செட் எது கட்டலாம்: மேல்தாடைக்கு ஒரு கணக்கு, கீழ்த்தாடைக்கு ஒரு கணக்கு

எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் பெரியவர்கள் பல் போன பிறகும் வருஷக்கணக்கில் பல் கட்டாமல் இருந்துவிடுவதற்குக் களிதான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். கேழ்வரகுக் களியை யாரும் மென்று தின்பதில்லை. உருண்டையிலிருந்து ஒரு துண்டு கிள்ளி, கீரைக் கடைசலில் புரட்டி நாக்கில் வைத்தால் அதுவாகவே தொண்டைக்குள் இறங்கிவிடும். "களி திங்கிறவளுக்குப் பல்லு எதுக்கு கண்ணு?" என்று சொல்லிச் சொல்லியே என் அம்மா ஆறு வருஷம் ஓட்டிவிட்டார். ஈறு காய்ந்து கெட்டிப்பட்டுவிட்டது, இட்லி, களி, குழைந்த சோறு எல்லாம் போகிறது, பிறகென்ன என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்த ஆறு வருஷத்தில் உள்ளே நடந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷம் வேகமாகக் கரையும், பிறகு மெதுவாக, ஆனால் நிற்காது. இதில் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நாலு மடங்கு அதிகம் கரைகிறது. பல்செட் என்பது அந்த எலும்பு மேட்டின் மேல் உட்காருகிற பொருள். மேடு தேய்ந்து தரையானால் செட் எதைப் பிடித்து நிற்கும்? எந்தச் செட் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். மேல் வாயையும் கீழ் வாயையும் ஒரே கணக்கில் பார்க்காதீர்கள். கையில் இருக்கிற காசைக் கீழ்த்தாடைக்கு ஒதுக்குங்கள்.

எல்லாப் பல்லும் போனவர்கள் கதையை முதலில் பார்க்கலாம். மேல் வாய்க்குச் சாதாரண அக்ரிலிக் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) முழுச் செட் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அது அண்ணம் முழுக்கப் படர்ந்து உட்காருகிறது. எச்சில் ஒரு மெல்லிய படலமாக நடுவில் நிற்க, ஈரக் கண்ணாடியில் இன்னொரு கண்ணாடி ஒட்டுகிற மாதிரி பிடித்துக்கொள்ளும். கீழ்ச் செட்டுக்கு இந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு இருப்பதால் அது குதிரை லாட வடிவத்தில்தான் இருக்க முடியும். பிடித்து உட்கார மேல்செட்டுக்குக் கிடைக்கிற இடத்தில் ஏறக்குறைய பாதிதான் அதற்குக் கிடைக்கிறது. போதாததற்கு நாக்கும் கன்னமும் உதடும் ஓயாமல் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு மேலும் கீழும் அக்ரிலிக் செட்டே எடுத்தோம். அளவு எடுக்க, மெழுகில் கடி பார்க்க, மெழுகிலேயே பல் அடுக்கி முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, மாட்ட, அப்புறம் புண்பட்ட இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய என்று பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு ஆறு நடை. மாட்டிய நாலாம் நாள் அவித்த நிலக்கடலை கொடுத்தேன். இரண்டு கடலை மென்றதும் அம்மாவின் முகம் கோணியது. கீழ்ச் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், செட்டுக்கு அடியில் ஒரு துளிக் கடலைத் தோல். "ஊசியாட்டம் குத்துது" என்றார். முந்தானையில் துடைத்து, டம்ளர் தண்ணீரில் போட்டவர் மறுநாள் அதை எடுக்கவே இல்லை. மேல் செட் மட்டும் வாயில், கீழ்ச் செட் அலமாரி டம்ளரில். இந்த டம்ளரை எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறேன். செய்தவர் மேல் குற்றமில்லை. அந்தத் தாடையில் சாதாரண கீழ்ச் செட்டுக்கு அவ்வளவுதான் முடியும்.

சாதாரணச் செட்டுக்குப் போட்டியாக நிற்பது இம்ப்ளான்டில் மாட்டுகிற செட். கீழ்த்தாடையின் முன்பக்கம், கோரைப்பல் இருந்த இடங்களில், இரண்டு டைட்டானியத் திருகாணிகளை எலும்புக்குள் வைப்பார்கள். எலும்பு அதோடு ஒட்டி வளர மூன்று மாதம் போல ஆகும். பிறகு திருகாணியின் தலையில் இருக்கும் குமிழில், செட்டின் அடியில் இருக்கும் பிடி 'டொக்' என்று மாட்டிக்கொள்ளும், வேண்டும்போது கழற்றலாம். டைட்டானியத்தோடு எலும்பு இப்படி ஒட்டும் என்று கண்டறிந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனமார்க். 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இந்த இரண்டு இம்ப்ளான்ட் செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அம்மாவுக்கு அதைத்தான் பிறகு வைத்தோம். இப்போது கடலை தின்கிறார். பச்சை மாங்காயை மட்டும் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

செலவு அதிகம்தான். சாதாரணச் செட் ஆயிரங்களில் முடியும். இம்ப்ளான்ட் ஒன்றுக்கே பத்தாயிரங்களில் கேட்பார்கள், முழு வாய்க்கும் கழற்றாத பல்லாக வைத்தால் லட்சங்களுக்குப் போகும். ஆனால் கீழே இரண்டு மட்டும் வைத்து, மேலே சாதாரணச் செட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதை நிறையப் பேர் தெரிந்துகொள்வதில்லை. 'இம்ப்ளான்ட்' என்றதும் முழு வாய்ச் செலவை நினைத்துப் பயந்து எழுந்துவிடுகிறார்கள். செட்டின் பிடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், பீடி விடாதவர்கள், எலும்புத் தேய்வுக்கு ஊசி மாத்திரை எடுக்கிறவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் சில பல் மிச்சம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆடுற பல்லையெல்லாம் எடுத்துட்டு ஒரேயடியா செட் போட்டுக்கலாம்" என்று நீங்களே முடிவுகட்டிக்கொண்டு போகாதீர்கள். கீழ்க் கோரைப்பல் இரண்டின் வேர் உறுதியாக இருந்தால், வேர் சிகிச்சை செய்து, பல்லை ஈறு மட்டத்துக்குக் குறைத்து, அதன் மேலேயே செட்டை உட்கார வைக்க முடியும். வேர் இருக்கிற வரை சுற்றியுள்ள எலும்பு அவ்வளவாகக் கரையாது. அம்மாவுக்குக் கடைசியாகப் போனது அந்த இரண்டு பல்தான். ஆட்டம்கூட இல்லை. செட்டுக்கு இடைஞ்சல் என்று நாங்களே எடுக்கச் சொன்னோம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

சில பல் மட்டும் போனவர்களுக்குக் கழற்றி மாட்டுகிற செட்டில் மூன்று வகை. அக்ரிலிக் தட்டில் கம்பிக் கொக்கி வைத்தது, நைலானில் செய்த ஃபிளெக்ஸிபிள், கோபால்ட்-குரோமியத்தில் வார்த்த உலோகச் சட்டம். பாலக்கோடானாலும் ஓசூரானாலும் கேட்கிறவர்கள் ஃபிளெக்ஸிபிளைத்தான் அதிகம் கேட்கிறார்கள், காரணமும் புரிகிறது. கொக்கியும் ஈறு நிறத்திலேயே இருக்கும், சிரித்தால் கம்பி தெரியாது, கீழே போட்டாலும் லேசில் உடையாது.

என் அத்தைக்குக் கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. அவர் ஃபிளெக்ஸிபிள்தான் வேண்டும் என்றார். எட்டு மாதத்தில் பின்பக்க ஈறு சிவந்து, செட்டும் லொடலொடவென்று ஆகிவிட்டது. வளைகிற பொருள் மெல்லும்போதும் வளையும். பாரம் முழுக்க ஈறு மேலேதான் விழும். உலோகச் சட்டத்தில் பக்கத்துப் பல் மேல் சின்னதாக ஒரு கால் ஊன்றியிருக்கும், மெல்லுகிற பாரத்தில் ஒரு பங்கை அந்தப் பல் வாங்கிக்கொள்ளும். கல் மேல் கால் வைத்த கட்டிலுக்கும் சேற்றில் கால் வைத்த கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம். நைலான் செட் தளர்ந்தால் உள்ளே பூசி இறுக்குவதும், புதுப் பல் சேர்ப்பதும் சிரமம். பெரும்பாலும் புதிதாகவே செய்ய வேண்டும்.

ஆக என் அபிப்பிராயம் இது. முன்பக்கம் ஒன்றிரண்டு பல் மட்டும் போய், அங்கே கம்பி தெரியக் கூடாது என்றால் ஃபிளெக்ஸிபிள் சரி. கடைவாயில் மெல்வதற்கு என்றால் உலோகச் சட்டமே. அது மெல்லியதாக இருக்கும், சூடு குளிர்ச்சி நாக்குக்குத் தெரியும். மிச்சப் பற்களும் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அக்ரிலிக் தட்டே போதும். தடிமனாக இருக்கும், ஈறைக் கொஞ்சம் அழுத்தும், ஆனால் பல் போகப் போக அதிலேயே புதுப் பல் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரிட்ஜ் (இரு பக்கத்துப் பற்களையும் தேய்த்துக் கேப் போட்டு, நடுவில் போன பல்லை அவற்றோடு சேர்த்து நிறுத்துவது) பற்றிச் சுருக்கமாக: ஒரு பல்தான் போயிருக்கிறது, இரு பக்கத்துப் பல்லுக்கும் ஏற்கெனவே கேப் தேவை என்றால் பிரிட்ஜ் நல்லது. பக்கத்துப் பற்கள் குறையில்லாமல் இருக்கும்போது அவற்றைத் தேய்ப்பதைவிட ஒரு இம்ப்ளான்ட் மேல்.

இன்னொரு வழியும் ஊருக்குள் நடமாடுகிறது. இதை நான் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். "ஒரே நாள்ல பல்லு, கழட்டவே வேணாம், ரேட்டும் கம்மி" என்பார்கள். உட்கார வைத்து, தூளும் திரவமும் குழைத்த அக்ரிலிக்கை வாயிலேயே அப்பி, பக்கத்துப் பல்லில் கம்பி சுற்றிக் கட்டிவிடுவார்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் சந்தைக்குப் போன இடத்தில் இப்படிக் கட்டிக்கொண்டு வந்தார். முதல் மாதம் எல்லோரிடமும் காட்டினார். இரண்டாம் வருஷம் பக்கத்தில் போய் நிற்க முடியாத நாற்றம். டாக்டர் அதை அறுத்து எடுத்தபோது அடியில் ஈறு பஞ்சு மாதிரி இருந்தது, கம்பி சுற்றிய இரண்டு நல்ல பற்களும் கூடவே போயின. பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது ஈறுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக. கழற்றாமலே வைத்திருந்தால் செட்டுக்கு அடியில் பூஞ்சைப் புண் வரலாம்.

நிறம் எங்கள் மாவட்டத்துக்கே உரிய தலைவலி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு அதிகம். பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை பிறவியிலேயே வந்த மாதிரி நின்றுவிடும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே கறைபட்ட பல் அதனால் வெளுக்காது. பல் நிறம் பார்க்க டாக்டர்கள் பொதுவாகக் கையில் எடுக்கிற அட்டையில் 16 நிறங்கள் உண்டு. அந்தத் திட்டுத்திட்டான பழுப்பு அதில் எதிலும் வராது. நாலு கறைப்பல்லுக்கு நடுவில் பால்வெள்ளையில் ஒரு பல் வைத்தால் அது மட்டும் தனியாகத் தெரியும். பல் செய்கிற லேபில் சொல்லிப் பக்கத்துப் பல் போலவே கறை தீட்டி வாங்க முடியும். முன்பல் கட்டுகிறவர்கள் மெழுகுப் பல் வைத்துப் பார்க்கும் நாளிலேயே வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள்.

அதே தண்ணீர் சிலருக்குக் கை மூட்டையும் கழுத்தையும் இறுக்கி வைத்திருக்கிறது. விரல் மடங்காத ஒருவருக்கு இறுக்கமான கொக்கி வைத்த செட்டைக் கொடுத்தால் தினமும் யாராவது கழற்றிக் கொடுக்க வேண்டும். வாங்கும் முன் ஆஸ்பத்திரியிலேயே அவர் கையாலேயே மூன்று முறை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள்.

எங்கே கட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு போகிறார்கள், நாங்கள் சேலம் போகிறோம். சேலத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் பொதுவாகக் கட்டணம் குறைவு, ஆனால் நடை அதிகம். செட் மாட்டிய பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. முதல் மாதத்தில் மூன்று நாலு முறையாவது புண் பார்க்கப் போக வேண்டியிருக்கும். பஸ் ஏறிப் போக அலுப்பாக இருந்தால் செட் டம்ளருக்குள் போய்விடும். அதனால் பக்கத்து ஊரில் பொறுமையாகப் பார்க்கிற டாக்டர் கிடைத்தால் அவரிடமே கட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வெற்றிலை போடுகிறவர்கள் குறிப்பாக, செட் உரசல் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்வது பெரிய விஷயமில்லை. கொதிநீரில் போடக் கூடாது, வளைந்துவிடும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் நழுவினாலும் உடையாது. உடைந்தால் கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்.

பேச்சு கொஞ்ச நாள் குழறும். 'பல்லுப் போனா சொல்லுப் போச்சு' என்பது த, ந என்ற எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தால் புரியும், நாக்கு நுனி முன்பல்லைத்தான் தேடும். அம்மா முதல் வாரம் பேரன் நந்தாவைக் கூப்பிடவே கூச்சப்பட்டார். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிக்க வைத்தோம், பத்து நாளில் சரியாயிற்று.

அடுத்தது பெரியப்பா. கீழே ஐந்து பல் மிச்சம், அதில் இரண்டும் கோரைப்பல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நிற்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்திலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், எக்ஸ்ரே எடுத்து அந்த இரண்டு வேரையும் பார்க்கச் சொல்லித்தான் முதலில் கேட்கப் போகிறேன்.