வெளிக்கதவுக்குப் பாலிஷ் வாங்கப் போகிறீர்களா? டப்பாவில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள்

வேலூர்ப் பக்கம் புதுவீடு கட்டி, வாசல் கதவுக்கு நாமே பாலிஷ் அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்க வேண்டாம்.

எங்கள் வீடு காட்பாடியில். மேற்குப் பார்த்த வாசல், தேக்குக் கதவு. மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் நேராகக் கதவின் மேல்தான் விழும். அக்கினி நட்சத்திரத்தில் இந்த ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது தெரிந்ததுதான். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் சாரல். இது போதாதென்று தினமும் காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் கதவின் அடிப்பக்கம் தெறிக்கும், வெள்ளிக்கிழமை நிலையைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைப்போம். இவ்வளவையும் கடையில் விவரமாகச் சொல்லித்தான் கேட்டேன். இதற்கு முன் நான் மரவேலை எதுவும் செய்ததில்லை என்பதையும் சொன்னேன்.

"வெளிக்கதவுக்குன்னே வந்த பி.யு. இருக்குக்கா. அடிச்சீங்கன்னா அஞ்சு வருஷம் கதவைத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார் கடைக்காரர். பி.யு. என்பது பாலியூரித்தேன் பாலிஷ். ஒரு கதவுக்கு முழு டின் எதற்கு என்று அவரே சொல்லிவிட்டு, உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்தார். பாலிஷ் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் இருந்தது. பாலிஷ் இறுகுவதற்காக அதில் கலக்க வேண்டிய ஹார்ட்னர், லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டிலில். என்ன அளவில் கலப்பது என்று கேட்டால், "கண்ணளவுல ஊத்திக்குங்க" என்றார். கதவின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு அடிக்க வேண்டுமா என்றதற்கு, "அதெல்லாம் யாருக்கா பாக்கப் போறாங்க?" பில் கேட்டேன். 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் வெறுமனே 'பாலிஷ்' என்று எழுதி நீட்டினார். பணம் போனில் அனுப்பினேன்.

உப்புத்தாள் போட்டு மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, துடைத்து, அடித்தேன். அடிக்கும்போதே கண் எரிந்தது, தொண்டை கமறியது. பளபளவென்று வந்தது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மழைக்காலம் வந்ததும் அடிப்பக்கம் வெளுத்துத் திட்டுத் திட்டாக ஆனது. அடுத்த கோடையில் வெயில் படும் பக்கம் முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. கீழ்ச்சட்டம் ஊறி உப்பி, கதவு நிலையில் இடித்தது.

கதவு செய்த ஆசாரியை அழைத்துக் காட்டினேன். மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து முகர்ந்தவர், "இது மெலமைன்மா. பீரோ, டைனிங் டேபிளுக்கு அடிக்கிறது. வாசல் கதவுக்கு யார் குடுத்தது?" என்றார். வேறொரு கடையிலும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்கள்.

மெலமைன் நல்ல பொருள்தான், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு. காய்ந்தால் கெட்டியான படலமாகிவிடும், வளைந்து கொடுக்காது. வெளிக்கதவோ மழையில் உப்பி வெயிலில் சுருங்கிக்கொண்டே இருக்கும், அதனால் படலம் வெடிக்கிறது. இன்னொன்று, தெளிவான பாலிஷ் வழியாகப் புற ஊதாக்கதிர் உள்ளே போய், மரத்தின் மேற்பரப்பில் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடும். பிடிப்பதற்கு அடியில் உறுதியான மரமே இல்லையென்றால் படலம் எப்படி நிற்கும்? வெளிப்புறத்துக்கான பி.யு.வில் அந்தக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அதுவும் மேற்கு வெயிலில் கவனிக்காமலே வருடக்கணக்கில் நிற்காது. பளபளப்பு மங்கும்போதே லேசாகத் தேய்த்து ஒரு கோட் கொடுக்க வேண்டும். விளிம்புகள் விஷயத்திலும் கடைக்காரர் சொன்னது தப்பு. கதவின் நெட்டுச் சட்டங்களின் வெட்டுமுனை மேலும் கீழும்தான் இருக்கிறது. மரம் தண்ணீரை அதிகமாக இழுப்பதே அந்த வழியாகத்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்க புதுசு, கலக்கத் தெரியாம கலந்திருப்பீங்க. நம்ம ஆளை விட்டு அடிச்சிருக்கணும்" என்றார். பி.யு. என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள் என்றதும், "பில் இருக்கா?" என்று கேட்டார். டப்பாவில் ஊற்றித் தந்ததும் சீட்டில் பெயர் எழுதாததும் எதற்கு என்று அப்போது புரிந்தது.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது அந்தத் தண்ணீர் பாட்டில். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. மெலமைனுக்கான ஹார்ட்னரில் இருப்பது அமிலம், காயும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வேறு வரும். கண் எரிந்தது அதனால்தான். உண்மையான பி.யு. என்றால் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும், அது மூச்சுக்குழாய்க்கு ஆகாது. இந்த எச்சரிக்கையெல்லாம் டின்னில் அச்சடித்திருப்பது எதற்கு? அதைக் கிழித்துவிட்டுக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றித் தர ஒருவருக்கு எப்படி மனம் வரும்?

ஆகவே கம்பெனி சீல் உடையாத டின்னாக மட்டும் வாங்குங்கள், சின்ன அளவிலும் கிடைக்கிறது. டின்னின் மேல் வெளிப்புறத்துக்கு என்று போட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். ஹார்ட்னர், பாலிஷை நீர்க்கவைக்கும் தின்னர் இரண்டும் அதே கம்பெனியுடையதாக, அந்த டின்னில் சொல்லியிருப்பதாக இருக்கட்டும். ஜி.எஸ்.டி. பில்லில் பொருளின் முழுப்பெயர் இருக்க வேண்டும். முதலில் துண்டுப் பலகையில் அடித்துப் பாருங்கள்.

என் கதவை இப்போது கழற்றி நிழலில் படுக்கப் போட்டு, பழைய படலம் முழுவதும் போகும்வரை 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180 வரை தேய்த்தோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அதனால் அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்தோம். முதல் கோட்டைக் கொஞ்சம் நீர்க்கக் கலந்து, விளிம்புகளையும் சேர்த்து ஆறு பக்கமும் அடித்தோம். வெயில் ஏறிய பிறகு அடிக்கவில்லை, சூட்டில் குமிழி விடும்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லையென்றாலும் போனில் பணம் அனுப்பிய பதிவு, சீட்டு, மிச்சமிருக்கும் டப்பா, கதவின் படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நானும் அப்படித்தான் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாட்டில் உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றைக்கே அதன்மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்.