1.2 ஸ்விஃப்ட்டில் டர்போ கிட்: 14 மாதம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டர்போ மாட்டிய கடையின் பெயரை எழுதப் போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். கடைக்காரர் கெட்டவர் இல்லை. தெரிந்ததைச் செய்தார், தெரியாததையும் சேர்த்துச் செய்தார், அவ்வளவுதான்.

என் வண்டி 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சிசி. ஊருக்குள் ஓட்ட இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் வருடத்துக்கு நாலைந்து முறை குடும்பத்தோடு வால்பாறை போகிற பழக்கம் எங்களுக்கு. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி வேறு. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் ஏசியை எத்தனை தடவை அணைப்பேன் என்று வீட்டில் எண்ணிக்கொண்டே வருவார்கள். இரண்டாவது கியரில் இழுக்காது, முதல் கியருக்குப் போனால் கத்தும். பின்னால் வரும் டீசல் வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு ஏறிப் போவான். அந்த எரிச்சலில்தான், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை மாட்டலாம் என்ற யோசனையே வந்தது.

கடைக்காரர் சொன்ன விலை 2,35,000 ரூபாய். டர்போ, புகையை அதற்குக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெட்ரோல் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு பிக்கிபேக் பெட்டி, டியூனிங், கூலி எல்லாம் சேர்த்து. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம், 0.4 பார்தான் வைப்போம், "இதுக்கு இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாங்ண்ணா, ஒன்னும் ஆகாது" என்றார். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது, கேட்டுக்கொண்டேன். பத்து நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஐந்து வாரம் கழித்து வந்தது. சரி, இந்த ஊரில் பெயின்ட் வேலைக்கே அப்படித்தான்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நிஜமாகவே நன்றாக இருந்தது. கம்பெனியிலிருந்து வரும்போது இந்த இன்ஜினுக்கு 85 பிஎஸ் (குதிரைத்திறன்) பக்கம்தான். எங்கள் வண்டியை சக்தி அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றியபோது சக்கரத்திலேயே 98 காட்டியது. செங்கப்பள்ளி ரோட்டில் மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம் தாண்டி மிதித்தால் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். ஸ்விஃப்ட்டில் அப்படி ஒன்றை நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை, இரண்டு வாரம் காரணமே இல்லாமல் சங்ககிரி வரை போய்த் திரும்பினேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வெளியேறும் சத்தத்துக்கு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் டயர் பஞ்சர் என்று ஓடி வந்தார், அந்தப் பெருமையும் கொஞ்சம் இருந்தது.

அப்புறம் வால்பாறை போனோம்.

கொண்டை ஊசி வளைவில் வண்டி கிட்டத்தட்ட நின்றுதான் திரும்பும். வெளியே வரும்போது இன்ஜின் 1600, 1800 ஆர்பிஎம்மில் இருக்கும். டர்போவைச் சுற்றுவது இன்ஜினிலிருந்து வரும் புகை. அந்த வேகத்தில் புகையே போதாது, அதனால் டர்போ தூங்குகிறது. அழுத்தினால் ஒன்றும் இல்லை, இன்னும் அழுத்தினால் ஒன்றும் இல்லை, பிறகு 2700 வாக்கில் திடீரென்று மொத்தமாக வந்து விழும், அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எந்த இடத்துக்காகக் காசு கொடுத்தேனோ சரியாக அந்த இடத்தில் மட்டும் அது வேலை செய்யவில்லை. ஏசியை அன்றும் அணைத்தோம். பதினைந்தாவது வளைவு தாண்டியதும் கிளட்ச் கருகும் வாடை. சுமார் 114 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (சக்கரத்தைச் சுழற்றும் விசை) செய்த கிளட்ச்சில் அதைவிட எவ்வளவோ கூட ஏற்றினால் அது வழுக்கத்தான் செய்யும். புது கிளட்ச் 14,000. இதை கிட்டோடு சேர்த்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க டவுன்ல ஓட்டுவீங்கன்னு நெனச்சேங்ண்ணா" என்றார்.

டர்போ போட நினைக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது புரிந்துகொள்ளுங்கள், எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின்களில் அழுத்த விகிதம் சுமார் 10, 11 என்று இருக்கும், அதாவது உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ நசுக்குகிறது. மைலேஜுக்காக அப்படி வைக்கிறார்கள். 0.4 பார் பூஸ்ட் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் வெளிக்காற்றே ஒரு பார்தான், ஆக 40 சதவீதம் கூடுதல் காற்றைத் திணித்து, அதை மறுபடி பத்து மடங்கு நசுக்குகிறோம். சூடு ஏறுகிறது. பிளக்கில் பிறந்த தீ பரவி வருவதற்குள் சிலிண்டர் மூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கிறது. அதுதான் நாக்கிங். வெளியே டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல லேசாகக் கேட்கும், உள்ளே பிஸ்டன் தலையில் சுத்தியலடி. இதைத் தடுக்க பிளக் தீப்பொறி போடும் நேரமான டைமிங்கைத் தள்ளிவைக்க வேண்டும், பெட்ரோலைக் கொஞ்சம் அதிகமாகக் கொடுக்க வேண்டும், 95 ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டும். மூன்றுமே மைலேஜையும் காசையும் தின்னும். ஊருக்குள் 16 கொடுத்த வண்டி 11.5-க்கு வந்தது, பொறுமையாக ஓட்டினால் 13. ஆயில் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, முழு சிந்தெடிக், ஏனென்றால் அதே ஆயில்தான் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அந்தத் தண்டையும் தாங்கவேண்டும்.

இன்னொன்று. டர்போ புதுசு இல்லை. ஒரு சின்ன டீசல் காரில் இருந்தது, கோவை உக்கடத்துப் பழைய ஸ்பேர் என்று பிறகுதான் தெரியவந்தது. அளவு பொருந்தும், விலையும் குறைவு, நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் டீசல் இன்ஜின் புகையைவிடப் பெட்ரோல் புகை சூடு அதிகம், மிதித்து ஓட்டினால் 900 டிகிரியைத் தொடும். அந்த டர்போவைச் செய்தவன் அந்தச் சூட்டை நினைத்துச் செய்யவில்லை. எட்டாவது மாதம் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை, ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பானட்டுக்குள் வயர் உறைகள் பொரிந்து போயிருந்தன, ஹோஸ் மாற்றி, ஃபேன் மாற்றி 6,500. மறுபடி டியூன் செய்ய வேறொருவரிடம் போனேன், 18,000. அவர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னது: மேலே 5000 ஆர்பிஎம்மில் பெட்ரோல் போதவில்லை, இவ்வளவு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, பதினோராவது மாதம் பெருந்துறை தாண்டி வண்டி குதிக்க ஆரம்பித்தது. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன் பாதிகூட இல்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு ஒரு துண்டு உடைந்து போயிருக்கிறது. இன்ஜின் வேலை 68,000. கடையில் கேட்டதற்கு, வேறு ஆளிடம் டியூன் செய்ததால் வாரன்டி கிடையாது என்றார்கள். அதற்கு முன் வாரன்டி என்று ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கூட்டிப் பார்த்தேன், 3,41,500. பெட்ரோலும் ஆயிலும் சேர்க்காமல்.

இன்சூரன்ஸ் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. நான் ஆர்சி புக்கிலும் எழுதவில்லை, இன்சூரன்ஸிலும் சொல்லவில்லை. நடுவில் ஒரு விபத்து நடந்து, சர்வேயர் பானட்டைத் திறந்திருந்தால் கிளெய்ம் கிடைத்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 14 மாதம் அந்தப் பயத்தோடுதான் ஓட்டினேன் என்று சொன்னால் பொய், ஓட்டும்போது நினைப்பே வராது, இரவு படுக்கும்போதுதான் வரும்.

டர்போவே மோசம் என்று சொல்ல வரவில்லை. 2018-ல் நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சாதா டியாகோ 85 பிஎஸ், அது 114. ரேஸ் வண்டி செய்து பழகிய ஆட்கள், அவர்களே டியாகோவில் இருந்த இன்ஜின்மேல் ஒரு டர்போவைக் கொண்டுவந்து மாட்டவில்லை. நெக்ஸானின் டர்போ இன்ஜினையே எடுத்து வைத்து, கியர் விகிதங்களை மாற்றி, சஸ்பென்ஷனை மாற்றி, அகலமான டயர் போட்டு, அப்புறம்தான் விற்றார்கள். அறிமுக விலை ஷோரூமில் 6.39 லட்சம். மாருதியும் பலேனோ ஆர்எஸ் என்று 2017-ல் ஒரு லிட்டர் டர்போ விட்டது, 102 பிஎஸ், பிறகு நிறுத்திவிட்டார்கள், அதே குடும்பத்து இன்ஜின் 2023-ல் ஃப்ராங்ஸில் திரும்ப வந்தது. என் ஸ்விஃப்ட்டை அப்படியே விற்று, இந்த மூன்றரை லட்சத்தையும் சேர்த்திருந்தால் கம்பெனியே டர்போ வைத்த பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ டிஎஸ்ஐ ஒன்று வாங்கி, வால்பாறைக்கு ஏசி போட்டுக்கொண்டே போயிருப்பேன். 175 நியூட்டன் மீட்டர், அதுவும் கீழ் ஆர்பிஎம்மிலேயே.

டர்போ டீசல் வைத்திருப்பவர்கள் கணக்கு வேறு. அதில் கம்பெனியே டர்போ வைத்திருக்கிறது, நல்ல ஆளிடம் அளவாக ஒரு ரீமேப் (ஈசியூவின் மென்பொருளை மாற்றுவது) செய்தால் என் செலவில் பத்தில் ஒரு பங்குக்குள் வித்தியாசம் தெரியும். சட்டம் அதற்கும் அதேதான், வாரன்டியும் போகும், பார்த்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு ரீமேப் செய்கிறேன் என்று யாராவது வந்தால் அந்தக் காசுக்கு நாலு நல்ல டயர் வாங்குங்கள்.

ஸ்டார் கொடுக்கச் சொன்னால் வெல்டிங் வேலைக்கு நாலு, மேனிஃபோல்டு கடைசிவரை ஒரு விரிசல் விடவில்லை. டியூனிங்குக்கு ஒன்று. உண்மை பேசியதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது வண்டி பழையபடி 1.2, டர்போ இல்லாமல். கழற்றிய டர்போ பரணில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. போன மாதம் கடைக்காரர் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, அந்த டர்போ இருக்கிறதா, 8,000 ரூபாய் தருகிறேன், சீல் மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்றார். எதற்கு என்று கேட்டேன். "திருப்பூர்ல ஒரு ஸ்விஃப்ட் வந்திருக்குங்ண்ணா."

கொடுக்கவில்லை.