செக் திரும்பினால் 30 நாள்தான் – கொத்தனார், காண்டிராக்டர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, 3,85,000 ரூபாய்க்காக கோர்ட் ஏறி இறங்குகிறேன். சின்ன அளவில் காண்டிராக்ட் எடுக்கிறவர்கள் தயவுசெய்து முழுசா வாசியுங்கள்.

1,650 சதுர அடி வீடு. மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,100 ரூபாய் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பணம் ஒழுங்காக வந்துவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டது கூடுதல் வேலையில். மாடியில் ஒரு பாத்ரூம், கார் ஷெட், முன்பக்கம் காம்பவுண்ட் சுவர் எல்லாமே வாட்ஸ்அப் வாய்ஸில் வந்தவை. “அண்ணே, அதையும் சேத்து முடிச்சிருங்க, கணக்கு நான் பாத்துக்கிடுதேன்” என்பார். நானும் ஒரு துண்டுச் சீட்டு கூட எழுதி வாங்காமல் ஆளை இறக்கிவிட்டேன். சனிக்கிழமை தோறும் ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுக்க வீட்டுக்காரியின் நகை பணயத்துக்குப் போனது.

2023 பிப்ரவரி 3, புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. அன்றைக்கு ராத்திரி பந்தலில் வைத்தே கூடுதல் வேலைக்கான செக் தந்தார். “ரெண்டு மாசம் பொறுத்துப் போடுங்க” என்றார். மார்ச் 27-ல் போட்டேன். 29-ம் தேதி கணக்கில் பணம் இல்லை என்று பேங்க் மெமோவோடு திரும்பி வந்தது. போன் அடித்தால், “நோட்டீஸ் கீட்டீஸ்னு போகாதீங்க, அடுத்த மாசம் ஊருக்கு வாறேன், நேர்ல தாறேன்” என்றார். நம்பினேன். அவர் மச்சினனும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னார்.

மே 15-ல் நாகர்கோவிலில் வக்கீலைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. மெமோ கைக்கு வந்து 47 நாள் ஆகியிருந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் செக் மோசடிக்கான 138-ம் பிரிவில் வழக்குப் போட வேண்டுமானால், செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாசத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். செக்கை மறுபடி பேங்கில் போடவும் வழியில்லை, செக்கில் உள்ள தேதியிலிருந்து எண்ணும் 3 மாசக் கெடு முன்பே முடிந்திருந்தது. “ஊருக்கு வாறேன்” என்று இழுத்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது பத்மநாபபுரத்தில் சிவில் வழக்கு நடக்கிறது. எழுத்து இல்லாவிட்டாலும், இனாமாகச் செய்யாத வேலையின் பலனை ஒருவர் அனுபவித்தால் அதற்குக் கூலி தர வேண்டும் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் இனாமாகச் செய்யவில்லை, அவர் சம்மதத்தோடுதான் செய்தேன் என்று நான் காட்ட வேண்டுமே! வாய்ஸ் மெசேஜ் இருந்த போன் உடைந்து, கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். போனையே கொண்டுபோய்க் கொடுக்காமல் மெசேஜின் நகலை மட்டும் கொடுப்பதென்றால், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடுதான் கோர்ட்டில் தாக்கல் செய்ய முடியும். தயவுசெய்து பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போதெல்லாம் கூடுதலாக ஒரு ஜன்னல் என்றாலும் அளவும் ரேட்டும் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கின பிறகுதான் செங்கல் எடுத்து வைக்கிறேன். ஆள் வெளிநாட்டில் என்றால் தாளில் கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்பச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அதையும் தள்ளிப் போடாதீர்கள்.

திரும்பி வந்த செக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது இதை வாசித்தால், மெமோ வந்த தேதியை இப்போதே பாருங்கள். 30 நாள் தாண்டியிருந்தாலும், செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாசம் ஆகவில்லையென்றால் திரும்பவும் பேங்கில் போடலாம். மறுபடி திரும்பினால் அன்றிலிருந்து புதிதாக 30 நாள் கிடைக்கும். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.