பாதிக் கடையை விட்டுக்கொடுக்க மூன்று வழிகள்

தெரிந்தவர் ஒருவர் சென்னைப் புறநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு ஷட்டர், மாத வாடகை 24,000 ரூபாய். இப்போது ஒரு ஷட்டருக்குத்தான் வேலை. இன்னொன்றுக்குப் பின்னால் காகிதக் கட்டுகளும் ஒரு பழுதான மெஷினும் கிடக்கின்றன. அந்தப் பாதியைத் தையல்காரர் ஒருவர் கேட்கிறார். கட்டட ஓனரும் போனில் "தாராளமா விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

போனில் சொன்னது போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒரு பகுதியை மட்டும் உள்வாடகைக்கு விடுவதானாலும் ஓனரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அதையே காரணம் காட்டி உங்களைக் காலி செய்யச் சொல்லலாம். 1960-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதே கதைதான்.

சரி, கடிதம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்வாடகையில் தையல்காரர் உங்களுக்குத் தருவார், நீங்கள் ஓனருக்கு முழுசாக 24,000 கட்டுவீர்கள். அவர் இரண்டு மாதம் இழுத்தடித்தாலும் ஓனர் உங்களைத்தான் கேட்பார். கிளம்ப மறுத்தாலும் மல்லுக்கட்டுவது நீங்கள்தான். தையல்காரருக்கும் நிம்மதியில்லை: உங்கள் ஒப்பந்தம் முடிந்தால் அவர் காலடியிலும் தரை இருக்காது. எந்தப் பாதி, என்ன தொழில், எத்தனை மாதம், நீங்கள் காலி செய்தால் அவரை ஓனர் வைத்துக்கொள்வாரா என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். கரண்டுக்கு ஒரு சப்-மீட்டர் போட்டுவிடுங்கள். அயர்ன்பாக்ஸ் ஓடுகிற கடையில் பில்லைக் குத்துமதிப்பாகப் பிரித்தால் மூன்றாம் மாதமே சண்டை வரும்.

இன்னொரு வழி, அந்தப் பாதியை ஓனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது. உங்கள் ஒப்பந்தம் ஒரு ஷட்டருக்கு மட்டும் புதிதாக எழுதப்படும், தையல்காரர் ஓனரோடு தனியாக எழுதிக்கொள்வார். அவர் பாக்கி இனி உங்கள் தலைவலி இல்லை. ஆனால் பாதி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போதுதான் ஓனரின் முகம் மாறும், அது எப்போதோ செலவாகியிருக்கும். நடுவில் சுவர் எழுப்ப வேண்டும், தனி மீட்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்கே உங்கள் வியாபாரம் பிடித்துக்கொண்டாலும் போன ஷட்டர் திரும்பாது.

மூன்றாவது, ஓர் ஓரத்தில் மிஷின் போட்டுக்கொள்ள வெறும் அனுமதி. சாவி உங்களிடம், நீங்கள் திறந்தால்தான் அவர் உள்ளே வர முடியும். சட்டம் இதை உரிமம் என்கிறது. பத்திரத்தில் 'உரிமம்' என்று தலைப்பு எழுதிவிட்டால் போதும் என்று சில புரோக்கர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். பெயரைவிட உள்ளடக்கமே முக்கியம், இடம் யாருடைய தனிப் பிடியில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. தையல்காரர் தன் பூட்டைப் போட்டுத் தன் நேரத்துக்குத் திறந்தால், நீதிமன்றம் அதை உள்வாடகையாகவே பார்க்க வாய்ப்பு அதிகம்.

தனி ஷட்டர் கேட்பவருக்கு உரிமம் ஒத்துவராது என்பது என் கணக்கு. ஜெராக்ஸ் வேலை இனி திரும்பாது என்று தோன்றினால், அட்வான்ஸில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது ஓனரிடம் ஒப்படைப்பேன். ஒரு வருடம் பார்க்கலாம் என்றால்தான் உள்வாடகை. நண்பர் இன்னும் ஓனரின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார். தையல்காரர் அதற்குள் போர்டு எழுதக் கொடுத்துவிட்டாராம்.